ஏழாவது குழியில் எழுதிய ஐந்து

கோல்ஃப் மைதானத்தில் அவளுக்குக் கார்டம்மா என்று பெயர். வீட்டில் பெரியவள். அண்ணன் தம்பி இருவரில் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததால் அந்தப் பட்டம். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். இந்தச் சின்னவளை நினைத்துப் பெரியவளுக்கு இருபத்தைந்து வருடமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. பூசி மெழுகிச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. காலையில் பல் துலக்கும்போது கொஞ்சமாக எரியும், செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினால் நன்றாக எரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வருடத்துக்கு ஒரு தடவை அந்த மைதானத்தில் பெண்களுக்கான தொழில்முறைப் போட்டி நடக்கும். ஆடி முடித்து வருகிற ஒவ்வொருத்தியும் பதினெட்டாவது குழியை ஒட்டிய கூடாரத்துக்குள் நுழைந்து, பெரியவளின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, தன் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிக்கலாம். கோல்ஃபில் ஒரு விசித்திரம் உண்டு. தன் அடிகளை யாரும் தானே எழுதிக்கொள்வதில்லை. கூட ஆடுகிறவள் எழுதுவாள், அவளுடையதை இவள் எழுதுவாள். முடிந்ததும் கார்டை வாங்கி, எந்தக் குழிக்கு எத்தனை அடி என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்த அடியில் முடித்தவள் ஜெயித்தவள். கையெழுத்துப் போட்டபின் தப்புக் கண்டுபிடித்தால் அழுது பிரயோஜனமில்லை. அடித்ததைவிடக் குறைவாக இருந்தால் ஆட்டத்தைவிட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள். கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல் உன் தலையில்.

அதனால் பெரியவள் சுலபத்தில் பேனாவைக் கொடுக்கமாட்டாள். முதல் குழியிலிருந்து பதினெட்டாவது வரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பாஷை தெரியாத வெளிநாட்டுக்காரி என்றால் விரலை மடக்கிக் காட்டச் சொல்வாள். உலகம் சுற்றிய ஆட்டக்காரிகள்கூட அவள் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்துவிட்டுப் போவார்கள். பதினெட்டு வருடத்தில் அந்தக் கூடாரத்திலிருந்து ஒரு தப்புக் கார்டு வெளியே போனதில்லை. ஆகா, என்ன பொறுப்பு என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தப் பொறுப்பு எங்கிருந்து முளைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது தெரிய வேண்டுமானால் போட்டி பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

அப்போது அது ஆண்களின் மைதானம். பெண்கள் முன்வாசல் கூடத்துக்குள் நுழையக் கூடாது, பக்கத்துக் கதவு வழியாக வந்து பக்கத்துக் கதவு வழியாகப் போக வேண்டும். சலவை இயந்திரம் விற்கிற ஒரு கம்பெனிக்காரர் வந்து, பெண்களுக்கு ஒரு போட்டி வைத்தால் பரிசு தருகிறேன் என்றார். துணி துவைப்பது பெண்கள் என்பது அவர் கணக்கு. நிர்வாகம் யோசித்து, புல் வெட்டுவதற்காக மைதானத்தை மூடுகிற திங்கட்கிழமையைக் கொடுத்தது. உடை மாற்ற உரமூட்டை அடுக்கிய அறையைக் கொடுத்தது. குறைந்தது பன்னிரண்டு பேர் ஆட வேண்டும் என்று கம்பெனி நிபந்தனை. தேடிப் பிடித்ததில் பத்துப் பேர்தான் தேறினார்கள். பரிசை வாங்கினால் தொழில்முறை ஆட்டக்காரி என்று பெயராகிவிடும், அப்புறம் சாதாரணப் போட்டிகளில் ஆட முடியாது என்று நல்ல குடும்பத்துப் பெண்களெல்லாம் பின்வாங்கிவிட்டார்கள்.

செயலாளர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பயிற்சித் திடலில் இரண்டு பெண்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட வந்தவர்கள் அல்ல. மற்றவர்கள் அடித்துத் தள்ளிய பந்துகளைப் பொறுக்கிக் கழுவி வாளியில் நிரப்புவது அவர்கள் வேலை. பெரியவளும் சின்னவளும்தான். இருவரின் புருஷன்மாரும் அங்கேயே புல்வெட்டும் வண்டி ஓட்டினார்கள். மூன்று வருடமாக வேலை முடிந்ததும், பிடி தேய்ந்து வீசப்பட்ட மட்டைகளை எடுத்து, ஆளுக்கு இரண்டு வாளிப் பந்தை அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். இழப்பதற்கு அவர்களுக்கு ஒரு பெயரும் இல்லாததால், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுத் தொழில்முறை ஆட்டக்காரிகள் ஆனார்கள். பன்னிரண்டு ஆயிற்று.

இருவரையும் ஒரு ஜோடியாகவே அனுப்பினார்கள். வேலைக்காரிகளோடு ஆட மற்றவர்களுக்கு மனசில்லை. ஆகவே சின்னவளின் கார்டைப் பெரியவள் எழுதினாள், பெரியவளின் கார்டைச் சின்னவள் எழுதினாள்.

ஆறாவது குழிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஏழாவதில் சின்னவளின் பந்து மணல் பள்ளத்தில் விழுந்தது. பெரியவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அடிப்பாவி என்று நினைக்காதீர்கள், யாருக்கும் வரும். சின்னவள் பள்ளத்தில் இறங்கி, கண்ணை இடுக்கிப் பார்த்து, ஒரு தட்டுத் தட்டினாள். பந்து மணலோடு எழும்பி, புல்லில் விழுந்து, உருண்டு, நேரே குழிக்குள் போய் விழுந்தது. நாலாவது அடி. தூரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். யார் என்று பார்த்தால், பெரியவளின் சொந்தப் புருஷன்.

காலையிலிருந்து அவள் அடித்த எந்த அடிக்கும் அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த விசில் அவள் காதுக்குள் இறங்கி அடிவயிற்றில் போய் நின்றது. நூலில் கட்டிய பென்சிலை எடுத்து, சின்னவளின் கார்டில் ஏழாவது கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். எட்டாவதில் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். எட்டாவதில் திருத்தவில்லை. ஒன்பதாவதில் நினைக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து செயலாளரின் மேசைக்கு வந்தபோது பெரியவளின் கண் சின்னவளின் விரலை விட்டு நகரவில்லை. படிக்கிறாளா, கட்டம் கட்டமாகப் போகிறாளா, ஏழில் நிற்கிறாளா. சின்னவள் கார்டைப் பார்த்தாளோ என்னவோ, மளமளவென்று கையெழுத்தைப் போட்டு நீட்டினாள். அந்தப் பதற்றத்தில் பெரியவளும் தன் கார்டில் ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். செயலாளர் கூட்டிச் சொன்னார்: பெரியவள் எண்பத்தெட்டு, சின்னவள் எண்பத்தொன்பது. மற்ற பத்துப் பேரும் தொண்ணூற்றுக்கு மேலே.

அப்படித்தான் அந்தப் போட்டியின் முதல் வெற்றியாளர் பெயர் பலகையில் ஏறியது. பலகையைக் கழிவறைக்குப் போகிற நடையில் மாட்டினார்கள். பரிசான சலவை இயந்திரம் மூன்று சக்கர வண்டியில் வீட்டுக்கு வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. பெரியவளால் அதில் ஒரு கைக்குட்டையைக்கூடத் துவைக்க முடியவில்லை. அது ஓடினால் குழாய்த் தண்ணீர் சத்தமா கேட்டது? அஞ்சு, அஞ்சு என்றல்லவா கேட்டது. உண்மையில் இருவரும் எண்பத்தெட்டில் சமம், மறுபடி ஆடியிருந்தால் சின்னவள்தான் ஜெயித்திருப்பாள் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது. ஆறு மாதத்தில் அண்ணனும் தம்பியும் தனிக்குடித்தனம் பிரிந்தபோது, இயந்திரத்தை நீயே எடுத்துக்கொண்டு போ என்று சின்னவளிடம் சொல்லிவிட்டாள். என்ன பெரிய மனசு, ஓரகத்திகளுக்குள் இப்படி ஒரு ஒற்றுமையா என்று சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்தது. பெரியவள் குழாயடிக்குப் போய்த் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தாள்.

அதன்பிறகு போட்டி வளர்ந்தது, சின்னவளும் வளர்ந்தாள். மூன்றாவது வருடம் அவள் ஜெயித்தாள். நாலாவது வருடமும் அவளே. ஆறாவது வருடம் பெயின்ட் கம்பெனி பரிசு கொடுத்தது, அதையும் அவளே வாங்கினாள். ஒரு வருடம் பரிசு தருகிறேன் என்ற ஆள் கம்பி நீட்டிவிட, ஆட்டக்காரிகளே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நடத்தினார்கள். ஒரு வருடம் மூன்று நாளும் மழை கொட்டி, பலகையில் 'நடைபெறவில்லை' என்று எழுத வேண்டியதாயிற்று. தொலைக்காட்சி வந்த வருடம் முன்வாசல் கூடத்தைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார்கள், பலகையும் நடையிலிருந்து கூடத்துக்கு வந்தது. அந்த வருடமும் ஜெயித்தது சின்னவள். பெரியவள் ஏழு வருடம் ஆடினாள். முதல் வருடத்துக்குப் பிறகு அவளுடைய சிறந்த இடம் ஐந்தாவது. அதிலும் அந்த ஐந்துதான் வந்து நின்றது. முழங்கால் தேய்ந்ததும் மட்டையை வைத்துவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

பேட்டி எடுக்க யார் வந்தாலும் சின்னவள் ஒரே கதையைத்தான் சொல்வாள். "முதல் வருஷம், ஏழாவது குழி, மணல்லேர்ந்து நேரா உள்ள. மொத்தம் நாலே அடி. அன்னைக்குத்தான் நான் ஆட்டக்காரின்னு எனக்கே தெரிஞ்சுது." செய்தித்தாளில் இதைப் படிக்கும்போதெல்லாம் பெரியவளுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் எரிச்சல். பலகையில் நாலு இடம் வைத்திருக்கிறவளுக்கு அந்த ஒரு அடியையும் விட மனசில்லையே. பெரியவளிடம் இருந்தது ஒரே ஒரு வரி. முதல் வரி. அதுவும் திருட்டு வரி.

இருபத்தைந்தாவது போட்டி வந்தது. குதிரைவால் போட்ட புது மேலாளர், போட்டியின் வரலாற்றைச் சொல்ல ஒரு கண்ணாடிப் பெட்டி வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பழைய செயலாளரின் பீரோவைக் குடைந்ததில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே முதல் வருடத்துக் கார்டுகள் பன்னிரண்டும் இருந்தன. முதலிடம், இரண்டாமிடம் இரண்டு கார்டுகளையும் பெட்டியில் வைப்பது, சின்னவள் வந்து திறந்து வைப்பது என்று ஏற்பாடு. கார்டு விஷயத்தில் கார்டம்மாவைவிட்டால் யார் என்று, டின்னை அவளிடமே கொடுத்தாள் மேலாளர்.

போட்டிக்கு முதல் நாள் மதியம் பெரியவள் காலிக் கூடாரத்தில் உட்கார்ந்து டின்னைத் திறந்தாள். சின்னவளின் கார்டு மேலேயே இருந்தது. ஏழாவது கட்டத்தில் பென்சிலால் எழுதிய ஐந்து, இன்றைக்கு எழுதியதுபோல் உட்கார்ந்திருந்தது. சின்னவளின் நாலு அடிக் கதை தெரியாத ஆள் அந்த மைதானத்தில் கிடையாது. கண்ணாடிக்குள் இந்த ஐந்தைப் பார்க்கிற முதல் ஆள், இது யார் எழுதியது என்று கேட்பான். கீழே, கார்டை எழுதியவள் போட வேண்டிய இடத்தில், பெரியவளின் கையெழுத்து இருந்தது.

கிழித்துவிடலாம். கரையான் அரித்துவிட்டது என்று சொன்னால் நம்புவார்கள். கார்டை இரண்டு கையாலும் பிடித்தாள். கிழிக்க வரவில்லை. கையெழுத்தான கார்டை யாரும் தொடக் கூடாது என்று பதினெட்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்ன கை அது. மனசு ஒத்துழைத்தாலும் கை ஒத்துழைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தபோது கூடாரத்தின் வாசலில் சின்னவள் வந்து நின்றாள்.

தலை பாதி நரைத்திருந்தது, ஆனால் நடை அப்படியே இருந்தது. அந்த நடையைப் பார்த்ததும் பெரியவளுக்கு முழங்கால் வலித்தது. நாளைக்குத்தானே வருவதாகச் சொன்னாய் என்று கேட்டாள். சும்மா, கார்டைப் பார்க்கலாமென்று என்றாள் சின்னவள். மேசைமேல் கிடந்த தன் கார்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டின்னுக்குள் கையை விட்டு, பெரியவளின் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதையே வெகுநேரம் பார்த்தாள். ஜெயித்தவள் கார்டைப் பார்த்து இன்றைக்கும் வயிறெரிகிறாள், எரியட்டும் என்று நினைத்தாள் பெரியவள். இருந்தாலும் அந்த ஐந்தைப் பார்த்தாளா இல்லையா என்றுதான் தெரியவில்லை.

"இதை வைக்கத்தான் வேணுமாக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

மேலாளர் கேட்கிறாள், நான் என்ன செய்ய என்றாள் பெரியவள். சின்னவள் கார்டைத் திரும்ப டின்னில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கூடம் நிறைந்திருந்தது. நூற்றுச் சொச்சம் ஆட்டக்காரிகள், கம்பெனி ஆட்கள், காமிராக்கள். பலகையில் பொன்னெழுத்தில் இருபத்தைந்து வரிகள், நடுவில் ஒரு 'நடைபெறவில்லை'. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கார்டுகள். பெரியவளை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் வெற்றியாளர் அல்லவா. சின்னவள் பெட்டியைத் திறந்துவைத்து மைக்கைப் பிடித்தாள். ஏழாவது குழிக் கதை வரப்போகிறது என்று எல்லோரும் முன்கூட்டியே சிரிக்கத் தயாரானார்கள்.

"ஏழாவதுல மணல்ல விழுந்தேன்," என்றாள் சின்னவள். "அங்கேருந்து நேரா குழிக்குள்ள போச்சுன்னு இத்தனை வருஷமா சொல்லிட்டு இருந்தேன். நேத்து கார்டைப் பாத்தேன். போகல. கிட்ட வந்து நின்னிருக்கு. அஞ்சு அடி. வயசானா எல்லாரும் கொஞ்சம் கதை விடுவோம், மன்னிச்சுக்கோங்க."

கூடமே கைதட்டியது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரி, எவ்வளவு அடக்கம் என்று பின்வரிசையில் யாரோ உருகினார்கள்.

பெரியவளுக்குப் புரிந்தது. பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, தன் உயிராக வைத்திருந்த அந்த நாலை எடுத்து, அக்காவைக் காப்பாற்றக் கொடுத்துவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் பெரியவள் அந்த இடத்தில் நன்றியில் கரைந்திருக்க வேண்டும். தப்பித்தோம் என்று மூச்சுவிட்டிருக்க வேண்டும். கரையவில்லை. மாறாக, வாழ்நாளில் எரியாத எரிச்சல் எரிந்தது. ஆட்டத்தில் முந்தினாள், பெயரில் முந்தினாள், இப்போது நல்ல மனசிலும் முந்தப் பார்க்கிறாள். அதற்கும் கைதட்டல். இதை இவளிடம் விட்டுக்கொடுத்துவிட்டு இனி எப்படித் தூங்குவது?

எழுந்து நின்றாள். முழங்கால் சொடுக்கியது.

"நாலு," என்றாள். "அவ அடிச்சது நாலுதான். அஞ்சுன்னு எழுதினது நான். தெரிஞ்சேதான் எழுதினேன்."

கைதட்டல் பாதியில் நின்றது. மேலாளரின் முகம் வெளுத்துவிட்டது. உட்காருங்கள் அக்கா என்று சின்னவள் மைக்கை விட்டு விலகி மெல்லச் சொன்னாள். பெரியவள் உட்காரவில்லை. சின்னவள் ஒரு கணம் பலகையைப் பார்த்தாள், பிறகு மைக்குக்குத் திரும்பினாள்.

"அப்ப நானும் சொல்லிடறேன். பதினாலாவதுல அக்கா அடிச்சது அஞ்சு. அவங்க கார்டைப் பாருங்க, ஆறுன்னு இருக்கும். அதை எழுதினது நான். நானும் தெரிஞ்சுதான்."

பெரியவள் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்க் குனிந்தாள். தன்னுடைய கார்டை அன்றுதான் முதல்முறையாகப் படித்தாள். பதினாலாவது கட்டத்தில் ஆறு. ஆனால் பதினாலாவது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேட்டிலிருந்து நீளமாக ஒரு உருட்டு உருட்டி, வளைந்து வளைந்து போய்க் குழியில் விழுந்த ஐந்தாவது அடி. அப்போது விசில் அடிக்க யாரும் இல்லை. சின்னவள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் கைப்பேசியில் கூட்டிப் பார்த்தாள். பெரியவளுக்கு ஒன்று கழித்தால் எண்பத்தேழு. சின்னவளுக்கு ஒன்று கழித்தால் எண்பத்தெட்டு. "அப்பவும் கார்டம்மாதான் முதல்," என்று அவள் சொன்னதும் கூடத்தில் சிரிப்பு வெடித்தது. முடிந்த போட்டி முடிந்ததுதான், பலகையில் ஒரு எழுத்தும் மாறாது என்றார் தலைமை நடுவர். எல்லோரும் சந்தோஷமாக ஆடப் போனார்கள்.

பெரியவளுக்கு மட்டும் காது அடைத்துப்போயிற்று. நியாயமாகவே ஜெயித்திருக்கிறாள். யாருடைய தயவும் இல்லாமல், யாருடைய அடியையும் திருடாமலே ஜெயித்திருப்பாள். அது தெரியாமல் இருபத்தைந்து வருடத்தில் ஒருநாள்கூட ஜெயித்தவளாக இருந்ததில்லை.

கூடாரத்துக்குப் போய் மேசையில் உட்கார்ந்தாள். முதல் ஆட்டக்காரி முடித்து வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சின்னவள் பின்னாலேயே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏன்டி அப்படிச் செய்தாய் என்று கேட்டாள் பெரியவள்.

"வீட்டுக்குள்ள வந்த நாளிலேர்ந்து எல்லாத்துலயும் நீங்கதான் முதல்ல," என்றாள் சின்னவள். "அன்னைக்கு அந்தப் பந்து வளைஞ்சு வளைஞ்சு உள்ள போனப்ப என்னால தாங்க முடியலக்கா. நாலு தடவை ஜெயிச்சேன், அந்தப் பலகையில எங்க பாத்தாலும் எனக்கு மேல உங்க பேரு."

அப்படியானால் தன் கார்டில் இருந்த ஐந்தை அன்றைக்கே பார்க்கவில்லையா என்று பெரியவள் கேட்டாள்.

"எங்க படிச்சேன்? நீங்க உங்களோடதைப் படிக்கறீங்களான்னுதானே பாத்துட்டிருந்தேன்."

பெரியவள் எதிரே இருந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை காலமாக இவளுக்கும் எரிந்திருக்கிறது. அதுவும் தன்னைப் பார்த்து. நினைக்க நினைக்க வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மேசைமேல் இருந்த பேனாக்களை நேராக அடுக்கினாள். அப்போதுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது.

"அப்ப அந்தச் சலவை மெஷின் என்னுதுதானே?"

"உங்களுதுதான்க்கா. யார் இல்லைன்னா?"

"எங்க அது?"

"அது போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. நல்லா உழைச்சுது பாவம். பதினோரு வருஷம், ஒருநாள் ரிப்பேர்னு நின்னதில்ல."

"பதினோரு வருஷமா?" என்றாள் பெரியவள். தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள். குழாயடிக் கல்லில் பதினோரு வருடம் அடித்துத் துவைத்ததில் தடித்துப்போன விரல் கணுக்கள். எதிரே சின்னவளின் கை. வழவழவென்று இருந்தது.